காய்ந்த கசடு எருவாகுமா?

நகரங்களை ஒட்டிய கிராமங்களில் கழிவுநீர் லாரிகளின் நடமாட்டம் பெருகிவிட்டது. பாதாளச் சாக்கடை எட்டாத புதிய குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு கழிவறைத் தொட்டிதான். அதில் சேரும் கசடை உறிஞ்சி எடுக்கும் லாரிக்காரர், தொலைவிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக டீசல் செலவைப் பார்த்து, பக்கத்துத் தோப்புக்காரரிடம் வருகிறார். "நல்ல உரம், காசு வேண்டாம்" என்கிறார். இதற்கு விவசாயிகள் இணங்கக் கூடாது.

லாரியில் வருவது பெரும்பாலும் தண்ணீர்தான். நூறு பங்கில் கசடு இரண்டு, மூன்று பங்கு இருந்தால் அதிகம். அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் உருளைப்புழு, கொக்கிப்புழு முட்டைகளும் கூடவே வருகின்றன. வெறுங்காலுடன் வரப்பில் நடப்பவருக்குக் கொக்கிப்புழு பாதத்தின் வழியே ஏறும். கிணறு அருகில் இருந்தால் குடிநீரும் கெடும்.

லாரிகள் கசடைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று தமிழக அரசு 2014-ல் நெறிமுறைகள் வகுத்தது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017-ல் கசடுக்கென்றே ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. இத்தகைய நிலையங்களில் மணலும் ஜல்லியும் பரப்பிய பாத்திகளில் கசடை ஊற்றுகிறார்கள். நீர் கீழே வடிந்து தனியே சுத்திகரிக்கப்படுகிறது. மேலே தங்கியது வெயிலில் காய்கிறது.

காய்ந்த கசடு கறுப்பாக, நாற்றமின்றி, பார்வைக்கு மக்கிய எருப் போலவே இருக்கும். இங்கேதான் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். உருளைப்புழு முட்டை வறட்சிக்குச் சாகாது, மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதைக் கொல்வது சூடு. ஒரு பங்கு காய்ந்த கசடுடன் இரண்டு, மூன்று பங்கு இலைதழை, வைக்கோல், காய்கறிக் கழிவு சேர்த்து மார்பளவு குவித்து ஈரம் காக்க வேண்டும். குவியலின் சூடு 50 டிகிரிக்கு மேல் ஒரு வாரமாவது நிற்க வேண்டும். நடுவில் இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவினால், கையில் பிடிக்க முடியாதபடி சுட வேண்டும். ஓரத்தில் இருப்பது உள்ளே போகும்படி புரட்டி, மறுபடியும் சூடேற விட வேண்டும். பிறகு இரண்டு, மூன்று மாதம் மக்கட்டும். கையுறையும் முழங்கால் உயர ரப்பர் பூட்சும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறைக் கழிவு கலந்த கசடு என்றால் மக்க வைத்தும் பயனில்லை; குரோமியம் சூட்டில் அழியாது. நகரக் கழிவு மக்கு உரத்தில் கிலோவுக்குக் குரோமியம் 50 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்பு. நிலையத்தில் வாங்கும்போது பரிசோதனைச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள்.

மக்கிய எருவைத் தென்னை, மா வட்டப்பாத்திகளில் இட்டு மண்ணால் மூடலாம். கீரை, முள்ளங்கி, வெங்காயத்துக்கு வேண்டாம். சாம்பல் சத்து வடிநீரோடு போய்விடுவதால், தென்னைக்கு வழக்கமாக இடும் பொட்டாஷைக் குறைத்துவிடக் கூடாது.