ஒரே சிப், இருந்தும் ஏன் காத்திருப்பு?

தனியொருவர் உருவாக்கிய ‘ஸ்டார்டியூ வேலி’ விளையாட்டு 2016 பிப்ரவரியில் விண்டோஸுக்கு வந்தது. லினக்ஸ் பயனர்கள் ஜூலை இறுதிவரை காத்திருந்தார்கள். இரண்டும் ஓடுவது ஒரே வகைச் சிப்பில்தானே, ஏன் தாமதம்?

எந்த விளையாட்டும் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. கோப்பைத் திற, ஒலி எழுப்பு, படம் வரை என்று இயங்குதளத்திடம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும்; இவைதான் அழைப்புகள். ஸ்டார்டியூ அப்படிக் கேட்டது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்என்ஏ என்ற மென்பொருள் கட்டமைப்பு வழியாக. லினக்ஸில் அது கிடையாது. அதே வேலையைச் செய்யும் மோனோகேமுக்கு மாற வேண்டியிருந்தது.

காத்திருக்க மனமில்லாதவர்களுக்கு 1993-இல் தொடங்கிய வைன் என்ற மென்பொருள் இருக்கிறது. விண்டோஸிடம் போகவேண்டிய அழைப்புகளை அது வாங்கி, லினக்ஸ் செய்யக்கூடிய வேலையாக மாற்றித் தருகிறது. சிப்புக்கான கட்டளைகளைத் தொடுவதில்லை. அதனால்தான் பல விளையாட்டுகளில் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. அருமையான பொறியியல்! விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான் வைனின்மேல்தான் நிற்கிறது. அதிலுள்ள டிஎக்ஸ்விகே என்ற பகுதி, விண்டோஸின் டைரக்ட்3டி வரைகலை அழைப்புகளை லினக்ஸிலும் இயங்கும் வல்கன் வரைகலை அழைப்புகளாக மாற்றுகிறது.

இத்தனைக்குப் பிறகும் நேரடிப் பதிப்பு வேண்டும் என்பேன். விளையாட்டின் புதிய பதிப்பு வைனில் இன்னும் எழுதப்படாத அழைப்பொன்றைக் கேட்டால், நேற்றுவரை ஓடியது இன்று நின்றுவிடலாம். படைப்பாளியே லினக்ஸில் சோதித்து வெளியிட்டால், அந்தப் பிழை வெளியீட்டுக்கு முன்பே அவர் கண்ணில் படும்.