சொந்த சர்வருக்கு நேரடி மின்னஞ்சல்

ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு மின்னஞ்சல் வந்து சேர இரண்டு வழிகள் உண்டு. இணையச் சேவை நிறுவனத்தின் பெட்டியில் தேங்கும் மடல்களைச் சர்வர் அவ்வப்போது எடுத்துவருவது ஒன்று. அனுப்புகிறவரின் சர்வரே நேராக வந்து மடலை ஒப்படைப்பது மற்றொன்று. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது டயல்-அப் இணைப்பே பரவலாக இருந்ததால், சிறு நிறுவனங்களுக்கு முதல் வழியே கைகொடுத்தது. எந்நேரமும் இணைப்பு இருக்கும் இடத்தில் இரண்டாவதே சிறந்தது.

கோலார் தங்கவயலில் பெமல் ஆலைக்கு உதிரிபாகம் செய்துதரும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்ளலாம். சேவை நிறுவனத்தின் பொதுப் பெட்டி வழியாக மடல் வந்தால், விலை கேட்கும் அவசரக் கடிதமும் அடுத்த முறை எடுக்கும்வரை காத்திருக்கும். மறைநகலாக வந்த மடல் யாருக்கு உரியது என்பதும் பல நேரம் தெரியாமல் போகும். நேரடி முறையில் பெறுநரின் முகவரி முதலிலேயே அறிவிக்கப்படுகிறது. அப்படி ஒருவர் இல்லையென்றால் சர்வர் அங்கேயே மறுத்துவிடும். பிழை உடனே அனுப்பியவருக்குத் தெரியும். எரிதங்களையும் (ஸ்பேம்) வாசலிலேயே தடுக்கலாம்.

இதற்கு முதல் தேவை, மாறாத ஐபி முகவரி. அடுத்து, எஸ்எம்டிபி நெறிமுறைக்குரிய 25ஆம் எண் போர்ட்டை ஃபயர்வாலில் திறந்து சர்வருக்குத் திருப்ப வேண்டும். சில சேவை நிறுவனங்கள் இதை அடைத்தே வைத்திருக்கும். கேட்டுத் திறக்கச் செய்ய வேண்டும். சர்வர் தன் டொமைனுக்கு வரும் மடல்களை மட்டும் ஏற்க வேண்டும். வெளியார் மடலை வெளியாருக்குக் கடத்த இடம் கொடுத்தால், எரிதம் அனுப்புவோர் அதைப் பயன்படுத்துவார்கள். ஐபி முகவரி தடைப்பட்டியலில் ஏறிவிடும்.

பிறகு, பெயர்களை ஐபி முகவரிகளோடு இணைக்கும் டிஎன்எஸ். சர்வரின் பெயருக்கு ‘ஏ’ பதிவில் ஐபி முகவரியைத் தர வேண்டும். டொமைனின் மடல்களை ஏற்கும் சர்வரைக் காட்டும் ‘எம்எக்ஸ்’ பதிவில் அந்தப் பெயரைத்தான் குறிக்க வேண்டும், ஐபி முகவரியை அல்ல. பல எம்எக்ஸ் பதிவுகள் இருந்தால் சிறிய எண் உள்ளதற்கே முன்னுரிமை. பழைய பதிவு சில இடங்களில் கொஞ்ச காலம் நினைவில் இருக்கும் என்பதால், பழைய பெட்டியையும் சில நாள்கள் பார்த்துவருவது நல்லது.

மின்சாரம் தடைப்பட்டுச் சர்வர் நின்றாலும் மடல் உடனே தொலைந்துவிடாது. அனுப்பும் சர்வர் அதை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாள்களாவது முயல வேண்டும் என்பது நெறிமுறையின் பரிந்துரை.

மடல்களை வெளியே அனுப்புவதும் அதே சர்வர் என்றால், ஐபி முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் ‘பிடிஆர்’ பதிவும், மடல் உண்மையில் அந்த டொமைனுடையதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளும் தேவை. இவை இல்லாத மடல்களைப் பெரிய அஞ்சல் சேவைகள் மறுக்கலாம், எரிதக் கோப்புறையில் தள்ளலாம்.