சின்ன விரல்களும் பண்டிகைப் பிஸ்கட்டும்
முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையைச் சமையலறைக்குள் அழைப்போம்

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தபோது, மாலை ஏழு மணியளவில் ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய ஏழு வயது மகளுக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது அவ்வாண்டு ஆகஸ்டில்தான் தெரியவந்திருந்தது. "டாக்டர், இரவு உணவுக்கு முன் சர்க்கரை பார்த்தோம், 412 காட்டுகிறது. கூடுதல் இன்சுலின் போட ஊசியை எடுத்துவிட்டேன். எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டார். குரலில் நடுக்கம் தெரிந்தது.

குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்றார். தாகமில்லை, அடிக்கடி சிறுநீர் கழிக்கவில்லை, வாந்தியில்லை. அப்படியானால் சோதனைக்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டேன். பாட்டியோடு அமர்ந்து பிஸ்கட் மாவை உருட்டிக்கொண்டிருந்தாளாம். கையைத் துணியில் துடைத்துவிட்டு விரலில் குத்தியிருக்கிறார்கள். சோப்பிட்டு நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மீண்டும் பார்க்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் விடை வந்தது: 126.

விரல் நுனியில் ஒட்டியிருந்த சர்க்கரைத் தூள்தான் அந்த 412. குளுக்கோமீட்டர் பொய் சொல்லவில்லை. இரத்தத் துளியில் எவ்வளவு சர்க்கரை இருந்ததோ அதைச் சொன்னது. அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது. அந்த எண்ணை நம்பிக் கூடுதல் இன்சுலின் போட்டிருந்தால், அன்றிரவு அக்குழந்தையின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருக்கும்.

தொலைபேசியை வைப்பதற்கு முன் பின்னணியில் பாட்டியின் குரல் கேட்டது: "இதற்குத்தான் சொன்னேன், இந்தப் பிள்ளையை அடுப்படிக்குள் விடாதே என்று." நான் இக்கட்டுரையை எழுதுவதற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியமே.

பாட்டியின் அச்சம் எங்கிருந்து வந்தது?

அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வரை, இந்நோய் கண்ட குழந்தைகளுக்கு மருத்துவர்கள் தந்த ஒரே சிகிச்சை உணவைக் குறைப்பதுதான். ஏறத்தாழப் பட்டினி போட்டு, சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ உயிரைத் தக்கவைத்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அன்றோடு பட்டினிக் காலம் முடிந்தது. ஆனால் 'சர்க்கரை நோய் என்றால் இனிப்பு நஞ்சு' என்ற எண்ணம் மட்டும் தலைமுறை தாண்டி நம் வீடுகளில் நிலைத்துவிட்டது.

அதோடு ஒரு குற்ற உணர்வும் கலந்திருக்கிறது. "நான்தான் தினமும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்" என்று கண் கலங்கும் தாத்தா பாட்டிகளை ஒவ்வொரு வாரமும் புறநோயாளிகள் பிரிவில் காண்கிறேன். அவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: முதல் வகை நீரிழிவு இனிப்பு உண்பதால் வருவதன்று. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தவறுதலாகத் தன் கணையத்திலுள்ள இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களையே அழித்துவிடுவதால் வருவது. எந்த மிட்டாயும் இதைக் கொண்டுவரவில்லை. எந்தப் பாட்டியும் இதற்குக் காரணமல்லர்.

இன்று நம்மிடம் இன்சுலின் இருக்கிறது. வீட்டிலேயே சோதிக்கும் கருவி இருக்கிறது. எனவே, பண்டிகை நாளில் அண்ணனும் தங்கையும் மாவு உருட்ட, ஒரு குழந்தையை மட்டும் கூடத்தில் தனியே உட்காரவைக்க வேண்டிய தேவையில்லை. அப்படி விலக்கப்படும் பிள்ளைகள் இனிப்பை மறப்பதில்லை. மறைத்து உண்ணக் கற்றுக்கொள்கிறார்கள். மறைத்து உண்ட பண்டத்துக்கு இன்சுலின் போட யாராலும் முடியாது.

எண்ணித் தெரிந்தால் அச்சம் குறையும்

கடையில் வாங்கும் பண்டத்தில் என்ன இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் செய்வதில் ஊகத்துக்கு வேலையில்லை. சமையலறை எடைக்கருவி ஒன்று இருந்தால் போதும். நம் வீடுகளில் பலரும் அறிந்த நெய் பிஸ்கட்டையே எடுத்துக்கொள்வோம்.

மைதா 200 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், நெய் 120 கிராம், சமையல் சோடா ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, நான்கு ஏலக்காயின் பொடி. இவ்வளவே.

இன்சுலினைக் கணக்கிட நமக்கு வேண்டியது மாவுச்சத்தின் அளவு. மைதாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 75 கிராம் மாவுச்சத்து உண்டு. ஆகவே 200 கிராமுக்கு 150. சர்க்கரை முழுவதுமே மாவுச்சத்து, அது 100. நெய்யில் மாவுச்சத்து இல்லை. மொத்தம் 250 கிராம். இந்த மாவைச் சமமான 25 உருண்டைகளாக்கினால், ஒரு பிஸ்கட்டில் 10 கிராம் மாவுச்சத்து இருக்கும்.

இந்தக் கணக்கைப் பெரியவர்கள் போட்டு முடித்துவிடாதீர்கள். இரண்டாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் எடைக்கருவியையும் தாளையும் கொடுங்கள். ஒவ்வோர் உருண்டையும் ஏறத்தாழ 17 கிராம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நிறுக்கும் பொறுப்பை அக்குழந்தையிடமே விடுங்கள். வீட்டிலேயே கணக்கு அறிந்த ஆள் அக்குழந்தைதான் என்றாகும்போது, நோயும் தன் கைக்குள் அடங்கியது என்ற எண்ணம் அதற்கு வரும்.

உணவுக்கேற்ப இன்சுலின் அளவை மாற்றிப் போடும் குழந்தைகள், தமக்கு மருத்துவர் குறித்துத் தந்த விகிதப்படி இந்த 10 கிராமைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். காலை மாலை என நிலையான அளவில் கலவை இன்சுலின் போடும் குழந்தைகள், ஏற்கெனவே உணவுத் திட்டத்தில் உள்ள சிற்றுண்டிக்கு மேலாக அல்லாமல் அதற்குப் பதிலாக உண்ண வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் உணவியல் ஆலோசகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகக் கொறிப்பதைவிட உணவோடு சேர்த்து உண்பது கணக்குக்கு எளிது. நெய் மிகுந்த பண்டமாதலால் சர்க்கரை மெதுவாகவும் ஏறலாம். புதிதாக உண்ணும் நாளில் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஒருமுறை சோதியுங்கள்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ தேனோ சேர்த்தால் பாதகமில்லை என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அவையும் இரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும். கணக்கில் அவற்றையும் சேர்க்க வேண்டும். 'நீரிழிவு நோயாளிகளுக்கானது' என்று அச்சிட்ட பிஸ்கட்டிலும் மாவு இருக்கிறது என்பதை மறவாதீர்கள். முதல் வகை நீரிழிவுள்ள சில குழந்தைகளுக்குக் கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயும் இருக்கும். அவர்களுக்கு மைதா, ரவை, கோதுமை மூன்றும் ஆகா. அரிசி மாவு, கடலை மாவு கொண்டு செய்யும் பண்டங்களைத் தேர்ந்தெடுத்து, மாவுச்சத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

யாருக்கு எந்த வேலை?

மூன்று வயதுக் குழந்தை மாவைச் சலிக்கலாம். உருண்டையை உள்ளங்கையால் தட்டலாம். நான்கைந்து வயதில், இளகிய நெய்யையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் வெளுக்கக் குழைக்கலாம். ஆறு வயதுக்கு மேல் நிறுப்பதும் உருட்டுவதும் எண்ணுவதும் அவர்கள் வேலை. அடுப்பும் ஓவனும் எப்போதும் பெரியவர்கள் பொறுப்பு.

நெய்யும் சர்க்கரையும் குழைந்தபின், சலித்த மாவு, சோடா, உப்பு, ஏலப்பொடி ஆகியவற்றைச் சேர்த்து, சப்பாத்தி மாவைப்போல் அழுத்திப் பிசையாமல் சேர்த்துப் பிடித்தால் போதும். உதிர்ந்தால் இன்னும் ஒரு தேக்கரண்டி நெய் விடலாம்; அதனால் மாவுச்சத்துக் கணக்கு மாறாது. உருண்டைகளை இடைவெளி விட்டு அடுக்கி, முன்னரே சூடாக்கிய ஓவனில் 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் வேகவையுங்கள். ஓவன் இல்லாத வீட்டில், அடிகனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, அதன்மேல் தாங்கி வைத்து, மூடிச் சிறுதீயில் பத்து நிமிடம் சூடாக்கியபின் தட்டை உள்ளே வைக்கலாம். வேக இன்னும் சற்று நேரமாகும். எடுக்கும்போது மென்மையாக இருக்கும், ஆறினால்தான் இறுகும். ஆறும்வரை காத்திருப்பதும் பிள்ளைகள் கற்க வேண்டிய பாடமே.

இடையில் சர்க்கரை தாழ்ந்தால்

மகிழ்ச்சியில் சிற்றுண்டி நேரம் தவறிப்போவதுண்டு. குழந்தைக்குக் கை நடுங்கினாலோ, வியர்த்தாலோ, காரணமின்றி அழுதாலோ, சோர்ந்து பேச்சுக் குறைந்தாலோ வேலையை நிறுத்துங்கள். கையைக் கழுவி, துடைத்து, சோதியுங்கள். ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைப்பது ஒட்டிய சர்க்கரையை முழுவதும் நீக்காது. சோப்பும் நீரும் வேண்டும்.

அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், எடைக்கேற்ப 5 முதல் 15 கிராம் வரை குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். அருகிலேயே பிஸ்கட் இருக்கிறதே என்று அதைக் கொடுக்க வேண்டாம். அதிலுள்ள நெய் சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்தில் தாமதம் கூடாது. குழந்தை மயங்கிவிட்டால் வாய்வழி எதுவும் கொடுக்காமல், குளுக்ககான் ஊசி கைவசம் இருந்தால் போட்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

எல்லா வீட்டுக்கும் பொதுவான மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, பச்சை மாவு. வேகாத மாவை நக்கிப் பார்ப்பது பிள்ளைகளின் இயல்பு. மைதாவும் கோதுமை மாவும் கிருமி நீக்கப்பட்டவையல்ல. 2016-இல் அமெரிக்காவில் மாவின் வழியாகப் பரவிய ஈ.கோலைக் கிருமியால் 60-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். முட்டை சேர்த்த மாவில் சால்மொனெல்லா ஆபத்தும் சேரும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர், உறுப்புமாற்றம் பெற்றோர், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர் வீட்டில் இருந்தால் இதில் தளர்வே கூடாது.

இரண்டாவது, சூடு. முறுக்கும் அதிரசமும் பொரிக்கும் எண்ணெயும், கொதிக்கும் பாகும் நீரைவிடக் கடுமையாகச் சுடும். பாகு தோலில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அடுப்பைச் சுற்றிப் பெரியவர் ஒருவர் கை நீட்டினால் எட்டாத தூரம்வரை குழந்தைகள் வரக்கூடாது என்று எல்லை வகுத்துவிடுங்கள். சுட்டுக்கொண்டால் உடனே 20 நிமிடம் ஓடும் குழாய் நீரில் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மை, மஞ்சள், நெய் எதுவும் வேண்டாம். முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் சுட்டாலும், கொப்புளம் எழுந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, பருப்புகள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் பிஸ்கட்டின் மேல் முழு முந்திரியோ வேர்க்கடலையோ பதிக்க வேண்டாம். மூச்சுக்குழாயில் சிக்கிய கடலையை மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டிய பிள்ளைகள் மருத்துவமனைகளுக்கு வந்தவண்ணம் இருக்கிறார்கள். பொடித்துக் கலந்தால் அச்சமில்லை; ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதுவும் ஆகாது.

மீண்டும் அந்தக் குழந்தை

ஜனவரியில் அச்சிறுமி பரிசோதனைக்கு வந்தாள். பாட்டியும் உடன் வந்திருந்தார். கையில் ஒரு பழைய தகர டப்பா; அதன்மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் கோணல்மாணலான எழுத்தில் 'ஒன்று = 10' என்று எழுதியிருந்தது. பண்டிகை நாள்களின் பதிவேட்டைப் பார்த்தேன். சில எண்கள் உயர்ந்திருந்தன, சில தாழ்ந்திருந்தன. ஆனால் ஒவ்வொரு பிஸ்கட்டும் அதில் எழுதப்பட்டிருந்தது. ஒளித்தது எதுவுமில்லை.

"முதலில் கையைக் கழுவச் சொல்கிறாள் டாக்டர், என்னையே," என்றார் பாட்டி. புகார் சொல்வதுபோல்தான் சொன்னார். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது.

வரும் நவம்பர் 14 நம் நாட்டில் குழந்தைகள் நாள். பான்டிங்கின் பிறந்தநாளாதலால் உலக நீரிழிவு நாளும் அதுவே. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று பண்டிகைகள் தொடரும் இக்காலத்தில், உங்கள் வீட்டு வழக்கப்படி என்ன பண்டம் செய்யவிருக்கிறீர்களோ அதன் பொருள்களையும் எடைகளையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். ஒன்றுக்கு எவ்வளவு என்பதை உங்கள் குழந்தையோடு சேர்ந்து கணக்கிட்டுத் தருகிறோம்.