துணியில் மை அச்சு: வண்ணம் நிற்பது எதனால்?

துணிக்கு அழகு தருவது வண்ணம்; அவ்வண்ணத்துக்கு மதிப்புத் தருவது அதன் நிலைப்பு. கடையில் கண்ணைப் பறித்த சேலை இரண்டாவது சலவையில் வெளுத்துப் போனால், வாங்கியவர் அச்சிட்டவரைத் தேடிப் போவதில்லை. விற்ற சங்கத்தையே குறை கூறுவார். ஆகவே சாயத்தின் உறுதி சங்கத்தின் நாணயத்தைப் பற்றிய விஷயமாகும்.

இக்காலத்தில் இங்க்ஜெட் என்னும் மை அச்சு யந்திரம் ஜவுளித் தொழிலில் பரவி வருகிறது. கணிப்பொறியில் அமைத்த சித்திரத்தை, அச்சுக்கட்டையோ திரைச்சட்டமோ இன்றி, நேராகத் துணியின்மேல் தெளித்து அச்சிடும் யந்திரம் இது. ‘பிக்மென்ட் மை, சாயம் போகவே போகாது’ என்று விற்பனையாளர்கள் உறுதி கூறுகின்றனர். யந்திரத்தைச் சங்கமே வாங்கலாமா, வெளியில் கூலி கொடுத்து அச்சிட்டுக் கொள்ளலாமா என்று, நாம் தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் அங்கத்தினர்கள் கேட்கின்றனர். இதற்கு விடை காணுமுன், வண்ணம் துணியில் எவ்வாறு நிற்கிறது என்பதை அறிந்து கொள்வது நலம்.

நம் கடற்கரை அறிந்த உண்மை

வடசென்னைக்கு இது புதிய கேள்வியன்று. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். காலெட்பேட்டை என்ற பெயரே மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. இராயபுரத்துக்கு அருகிலுள்ள வண்ணாரப்பேட்டை, கம்பெனியாரின் துணிகளை வெளுத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. துறைமுகம் கட்டப்படுமுன்னரே, மசூலாப் படகுகளில் அலை கடந்து கப்பலேறிய சரக்குகளில் துணியே முதன்மையாக விளங்கிற்று.

சோழமண்டலக் கரையில் எழுதுகோலால் தீட்டப்பட்ட பூந்துணிகள் ஐரோப்பாவில் புகழ் பெற்றதற்கு முக்கிய காரணம், அவற்றின் வண்ணம் சலவைக்கு நின்றமையே. கைவினைஞர்கள் முதலில் துணியிலிருந்த கஞ்சியையும் பருத்தியின் இயற்கை மெழுகையும் போக்கினர். பின்னர் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தினர். பாலிலுள்ள கொழுப்பு, தீட்டும் கரைசல் பரவாமல் தடுத்தது. அதன்மேல் படிகாரக் கரைசலால் கோலம் தீட்டி, சாயவேர் இட்ட நீரில் துணியைக் காய்ச்சினர். படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு ஊன்றி நின்றது. மற்ற இடங்களில் ஏறிய நிறம் சலவையிலும் வெயிலிலும் அகன்றது. வேரின் குணம் பாதி. துணியைப் பக்குவப்படுத்திய முறை மறுபாதி.

சாயமும் நிறமியும்

சாயம் என்பது நீரில் கரைந்து இழைக்குள் புகுந்து அதனோடு இணைவது. பிக்மென்ட் எனப்படும் நிறமியோ நீரில் கரையாத நுண்பொடி. அது இழையோடு தானாக இணையாது. பைண்டர் என்னும் பசைப்பொருளே அதனை இழையின் மேற்பரப்பில் பிடித்து வைக்கிறது. பசை சேர்க்காமல் அடித்த சுண்ணாம்பு, சுவரில் சாய்ந்தவர் முதுகில் ஒட்டிக் கொள்வதை யாவரும் அறிவர். நிறமி அச்சின் பலமும் பலவீனமும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

முதலில் பலத்தைக் கூறுவோம். நல்ல நிறமி வெயிலுக்கு எளிதில் வெளுப்பதில்லை. பருத்தி, பட்டு, செயற்கை இழை ஆகிய எதிலும் அச்சிடலாம். அச்சிட்டபின் நீராவியில் வைக்கவும் எஞ்சிய சாயத்தை அலசவும் தேவையில்லாததால் தண்ணீர் மிகவும் மிச்சமாகிறது. திருப்பூரில் சாயக்கழிவு காரணமாகச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதை நினைப்பவர்களுக்கு இதன் அருமை விளங்கும். எண்ணூர்க் கழிமுகத்தை அருகிருந்து காணும் நமக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இனி, பலவீனம். இந்த யந்திரம் மயிரிழையினும் நுண்ணிய துவாரங்களின் வழியே மையைத் துளித்துளியாகத் தெளிக்கிறது. மை தடித்திருந்தால் துவாரம் அடைத்துக் கொள்ளும். ஆகவே மையில் பசையை வேண்டுமட்டும் சேர்க்க இயலாது. அக்குறையை மற்ற இரண்டு காரியங்கள் ஈடுசெய்ய வேண்டும். ஒன்று, அச்சுக்குமுன் துணிக்கு இடும் பூச்சு. பழைய நாளில் எருமைப்பால் செய்த வேலையை இது செய்கிறது. நிறமி விழுந்த இடத்திலேயே திரண்டு நிற்க உதவுகிறது. மற்றொன்று, அச்சுக்குப்பின் ஊட்டும் சூடு. ஏறத்தாழ 150 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில், மை தயாரிப்பாளர் விதித்துள்ள நேரம் முழுவதும் வைத்தால்தான் பசை இறுகும். அவசரத்தில் நேரத்தைக் குறைத்தால், அச்சு பார்வைக்குக் குறையின்றியே தோன்றும். குறை சலவையில் வெளிப்படும்.

கைத்தறித் துணிக்கு மேலும் ஓர் எச்சரிக்கை தேவை. பாவுக்குக் கஞ்சியிடுவது நம் வழக்கம். அக்கஞ்சியைப் போக்காமல் அச்சிட்டால், மை கஞ்சியின்மேல் படிந்து, கஞ்சியோடு கழன்று போகும். பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இதில் பங்குண்டு. முதிராத பஞ்சும் சருகும் கலந்த நூலில் முடிச்சுகளும் தளர்ந்த இழைகளும் மிகும்; அச்சிட்டபின் அவை உதிர்ந்தால் அவ்விடம் வெண்புள்ளியாக நிற்கும்.

1958இல் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி

உண்மையை மறைத்து விற்றால் நேர்வது என்ன என்பதற்கு, நம் நகரின் பெயர் தாங்கிய துணியே சாட்சி. மெட்ராஸ் செக் என்னும் கட்டம்போட்ட கைத்தறித் துணியை, 1958ஆம் ஆண்டில் அமெரிக்க வியாபாரி வில்லியம் ஜேக்கப்சன் என்பவர் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் வாங்கினார். நாயர் பிற்காலத்தில் ஓட்டல் தொழிலில் புகழ் பெற்றவர். குளிர்ந்த நீரில் மெதுவாக அலச வேண்டிய துணி இது என்று வாங்கியவருக்குச் சொல்லப்பட்டதாம். அச்செய்தி நியூயார்க்கில் அதை ஆடையாக்கி விற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு எட்டவில்லையாம். வாடிக்கையாளர்கள் வெந்நீரில் துவைத்தனர். நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. வழக்குத் தொடரும் அளவுக்குப் பேச்சு வளர்ந்தது என்று கூறுவர்.

பின்னர் விளம்பரக்காரர்கள், ‘சாயம் கசியும் என்பதற்கு உத்தரவாதம்’ என்று வெளிப்படையாகவே அறிவித்தனர். ஒவ்வொரு சலவையிலும் புதுச் சாயல் தரும் துணி என்று மக்கள் அதனை விரும்பி வாங்கலாயினர். துணி மாறவில்லை; அதைப் பற்றிச் சொன்ன சொல்தான் மாறிற்று. குணத்தை முன்னரே சொல்லிவிட்டால் குறையும் குறையாகத் தோன்றாது.

சங்கம் செய்யத் தக்கவை

எந்த அச்சுத் துணியையும் விற்பனைக்கு ஏற்குமுன், மூன்று எளிய பரிசோதனைகளைச் சங்கத்திலேயே செய்யலாம். முதலாவது, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, அச்சின்மேல் பத்து முறை உலர்ந்த நிலையிலும் பத்து முறை நனைந்த நிலையிலும் தேய்த்துப் பார்ப்பது. நிறமி அச்சு பெரும்பாலும் தோற்பது ஈரத் தேய்ப்பில்தான். இரண்டாவது, வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, சோப்பு நீரில் ஐந்து முறை துவைத்துப் பார்ப்பது. மூன்றாவது, பாதியை அட்டையால் மூடி, சில நாட்கள் வெயிலில் வைப்பது. பெரிய ஆர்டர்களுக்குப் பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை வேண்டும். சலவைக்கும் தேய்ப்புக்கும் 1 முதல் 5 வரையும், வெளிச்சத்துக்கு 1 முதல் 8 வரையும் மதிப்பெண் இடுவர். எண் உயர உயர உறுதியும் உயரும்.

வரவு செலவையும் எண்ண வேண்டும். திரை அச்சில் நிறத்துக்கு ஒரு திரைச்சட்டம் வேண்டும். இருபது மீட்டருக்கு அச்செலவு பாரம், இரண்டாயிரம் மீட்டருக்கு அற்பம். மை அச்சில் சட்டச் செலவில்லை. ஆனால் மீட்டருக்கு ஆகும் மைச்செலவு, அளவு பெருகினாலும் பெரிதாகக் குறைவதில்லை. எனவே பல மாதிரிகளில் சிறு அளவு அச்சிடவே இது ஏற்றது. யந்திரம் வேலையின்றிக் கிடந்தாலோ மை உலர்ந்து துவாரங்கள் அடையும். வெள்ளை மை விரைவில் அடியில் படியும். நாள்தோறும் வேலை தர இயலாத சங்கம், கூலிக்கு அச்சிட்டுக் கொள்வதே விவேகம்.

நெசவாளரின் பங்கு

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. நம் தறியில் நெய்த வெள்ளைத் துணியில் பூவும் கொடியும் அச்சிடுவது நெசவாளருக்கு வேலை தரும். ஆனால் கட்டத்தையும் கரையையும் புட்டாவையும் அச்சிட்டு, நெய்ததுபோல் விற்பது நெசவாளரின் கூலியைப் பறிப்பதாகும். நெய்த கட்டம் இருபுறமும் ஒன்றுபோல் தெரியும். மை அச்சு மேற்பரப்பிலேயே தங்குவதால் பின்புறம் மங்கியிருக்கும். துணியைத் திருப்பிப் பார்க்கும் எந்த இல்லத்தரசியும் இதைக் கண்டுகொள்வார். அன்று வெளுப்பது அச்சின் சாயமன்று, சங்கத்தின் சாயம்.

ஆகவே ஒவ்வொரு துணியிலும் நெய்ததா அச்சிட்டதா, எவ்வாறு துவைக்க வேண்டும் என்ற இரண்டையும் தெளிவாக எழுதி ஒட்டுவோமாக. இவ்விதியை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றி, விற்பனை நிலையத்தில் யாவரும் காண எழுதி வைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.