துக்க வீட்டாரின் திருநாள்

ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் அவ்வருஷம் அவ்வீட்டாருக்குப் பண்டிகை இல்லை என்பது நம்மவர் வழக்கம். தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. உறவினர் வந்தாலும் தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போவார்கள். நேபாளத்தின் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் வாழும் நேவார் மக்களுக்கோ, துக்க வீட்டார் தவறாது வீதிக்கு வரவேண்டிய திருநாள் ஒன்று இருக்கிறது.

நேபாளியில் அதற்குக் 'காய் ஜாத்ரா' என்று பெயர். நேவார் மொழியில் 'சா பாரு'. இரண்டிலும் முதற்சொல் பசுவைக் குறிப்பதாகும். ஆவணி அவிட்டப் பௌர்ணமிக்கு மறுநாள், சென்ற ஓராண்டில் ஒருவரை இழந்த குடும்பத்தார் ஒரு பசுவை, அல்லது பசுவேஷம் தரித்த சிறுவனை, நகர்வலம் அனுப்புகிறார்கள். வைதரணி நதியைக் கடக்கப் பசு துணை செய்யும் என்பது நம்பிக்கை. கோதானம் செய்யும் நமக்கு இது புதிதன்று. வழியில் நிற்போர் சிறுவர்களுக்குப் பாலும் பழமும் காசும் கொடுக்கிறார்கள். பக்தபூர் நகரில் துணி சுற்றிய நெடிய மூங்கில் அமைப்பில் இறந்தவரின் படத்தைப் பொருத்தித் தூக்கி வருவர். உடன் செல்வோர் கோலாட்டம் போலக் குச்சிகளைத் தட்டி ஆடுவர். அழுகைக்கு நடுவே ஆட்டமா என்று நமக்குச் சற்றுத் திகைப்பாகத்தான் இருக்கிறது.

அதற்கு ஒரு கர்ணபரம்பரைக் கதை சொல்லுகிறார்கள். 1641 முதல் 1674 வரை காத்மாண்டுவை ஆண்ட பிரதாப மல்லனின் மகன் சக்ரவர்த்தேந்திரன் இளமையிலேயே மாண்டான். அரசி உணவையும் பேச்சையும் மறந்தாள். தேற்றும் வழி அறியாத அரசன், அவ்வருஷம் சாவு கண்ட குடும்பங்கள் யாவும் அரண்மனை வழியே ஊர்வலம் வரவேண்டுமென்று ஆணையிட்டான். வந்தன, வந்தன, முடிவே இல்லை! அரசியைச் சிரிக்க வைப்போருக்குப் பரிசு என்றும் அறிவித்தான். விகடர்கள் பிரபுக்களையும் அதிகாரிகளையும் கேலி செய்ய, அவள் சிரித்துவிட்டாளாம்.

கதை எப்படியாயினும், கேலி நிலைத்துவிட்டது. 1960 முதல் 1990 வரை, அரசியல் கட்சிகள் தடை செய்யப்பட்டிருந்த பஞ்சாயத்து ஆட்சியிலும், இந்நாளில் ஆள்வோரை நையாண்டி செய்ய ஓரளவு இடம் இருந்தது.

2015 ஏப்ரல் 25-ஆம் தேதிப் பூகம்பத்தில் நேபாளத்தில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் மாண்டனர். நான்கு மாதங்கழித்து வந்த காய் ஜாத்ராவில் அவர்களுடைய படங்களும் வீதியில் சென்றன. மகனை இழந்த அந்த அரசிக்காகப் பிரதாப மல்லன் 1670-இல் வெட்டிய ராணி போக்ரி என்னும் குளத்தின் நடுவே உள்ள கோயிலும் பூகம்பத்தில் சேதமுற்றது. 2020-இல் அதை மீண்டும் கட்டி முடித்திருக்கிறார்கள்.