கப்பலில் வாராத தொழில்

உழைத்து வாழ்வோர்க்கு இருவகை இன்னல்கள் நேர்வதுண்டு. தாம் ஆக்கும் பொருளையே அயல்நாட்டிலிருந்து மலிவாகக் கொண்டுவந்து இறக்குவதனால் தொழில் தளர்ந்துபோதல் ஒன்று. செய்யும் தொழில் எத்துணை இன்றியமையாததாயினும், அதனைச் செய்வோரை ஊரார் இழிவாக நோக்குதல் மற்றொன்று. முன்னது வெளியிலிருந்து வருவது. பின்னது உள்ளிருந்தே முளைப்பது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். மன்னார் நிலப்பகுதியின் வரலாற்றைச் சற்று உற்றுநோக்கின், இரண்டும் ஒரே கொடியிற் காய்த்த இரு காய்கள் என்பது புலனாகும்.

மன்னார் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளுள் நானாட்டான் ஒன்று. முருங்கனும் வங்காலையும் இப்பிரிவைச் சேர்ந்தவை. அருவியாறு என்று தமிழர் வழங்கும் மல்வத்து ஓயா, 164 கிலோமீற்றர் தூரம் ஓடி இப்பகுதியை அண்மிக் கடலிற் கலக்கின்றது. தேக்கம் என்னும் இடத்தில் அந்த ஆற்று நீரை மறித்து, கால்வாய் வழியே கட்டுக்கரைக்குளத்திற்குத் திருப்பியுள்ளனர். பண்டை மன்னர் காலத்தில் எழுந்த அப்பெருங்குளம் நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருத்தப்பெற்றது. அதன் நீரை நம்பியே நானாட்டான் வயல்கள் பசுமை கொள்கின்றன.

இவ்வயல்களில் உழைப்போனுக்குப் புகழ் குறைவில்லை. வள்ளுவர் உழவுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கம்பர் பெயரால் வழங்கும் ஏர் எழுபது என்னும் நூல் முழுவதும் உழவின் பெருமையே பேசும். ஆயினும், புகழ் வேறு, விலை வேறு. பெரும்போக நெல் களத்துக்கு வரும் காலமும் வெளிநாட்டு அரிசி துறைமுகத்துக்கு வரும் காலமும் ஒன்றாயின், நெல்லின் விலை சரிகின்றது. கடன்பட்டு விதைத்தவனால் நெல்லைக் கட்டிவைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க இயலாது. அறுத்த கையோடு விற்றேயாக வேண்டும். அரிசியைச் சேமித்துவைக்க வல்லவனுக்கே பின்னர் வரும் விலையேற்றத்தின் பயன் கிட்டுகின்றது.

இறக்குமதியை முற்றாக நிறுத்திவிட்டாலோ எனில், அதுவும் எளிதன்று. அரிசி விளைவிப்போர் சிலர், உண்போர் எல்லோரும். 1953-ஆம் ஆண்டில் பங்கீட்டரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12-ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறக்கவும் நேர்ந்தது. 2021-இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதனால் அடுத்த பெரும்போக விளைச்சல் வெகுவாகக் குன்றியது; அதன்பின் அரிசியையே பெருமளவில் இறக்குமதி செய்ய வேண்டிய நிலை உண்டாயிற்று. 2024 டிசம்பரில் தட்டுப்பாடு தோன்றியபோது, கிலோ ஒன்றுக்கு 65 ரூபாய் வரி விதித்துத் தனியாருக்கு இறக்குமதி அனுமதி வழங்கப்பட்டது. உண்போனுக்குப் பசி வராமலும், விளைப்போனுக்கு விலை வீழாமலும் காக்கும் மதகே இவ்வரி. குளத்து மதகைப் போலவே, இதனையும் உரிய காலத்தில் திறந்து உரிய காலத்தில் மூடுவதிலேயே அதன் பயன் தங்கியுள்ளது.

வயல் மட்டுமன்று, மண்ணும் இந்நிலைக்கு ஆளாயிற்று. 1950-இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் அங்கேயே கிடைத்தது. களிமண்ணோ முருங்கனிலிருந்து சென்றது. போர்ச் சூழலில் 1990-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. முருங்கன் களிமண் நிலத்திலேயே கிடக்க, வடபகுதி வீடுகளுக்கான சீமெந்து வேற்றிடங்களிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் வந்து சேர்ந்தது. இறக்குமதி ஒரு தொழிலை எப்போதும் தாக்கி அழிப்பதில்லை. வேறொரு காரணத்தால் வெறுமையான இடத்தில் வந்து அமர்ந்துகொள்வதும் உண்டு. அமர்ந்தபின் அதனை எழுப்புவதே கடினம்.

இனி, கப்பலில் ஏற்றிவர முடியாத தொழில் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அரிசியை மியன்மாரிலிருந்து வரவழைக்கலாம். சீமெந்தையும் கருவாட்டையும் வரவழைக்கலாம். நானாட்டானிலுள்ள மலக்குழியை வேற்று நாட்டில் வைத்துத் துப்புரவு செய்து அனுப்ப எவராலும் இயலாது. அடைபட்ட கழிவுநீர்க் குழாயை, அது கிடக்கும் இடத்திலேயே ஒருவர் சென்று திறக்க வேண்டும். உலகச் சந்தையின் போட்டி தீண்டாத தொழில் இது.

இதன் பயனோ அளவிடற்கரியது. 2007-ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை, 1840-க்குப் பின்னர் மருத்துவத்துறை கண்ட முன்னேற்றங்களுள் தலையாயது எது என்று தன் வாசகரைக் கேட்டது. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளையும் மயக்கமருந்தையும் பின்தள்ளி, முதலிடம் பெற்றது கழிவகற்றலும் தூய நீருமாகிய சுகாதார ஏற்பாடே. வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் மருத்துவமனையில் தோற்கடிக்கப்படுவதற்கு முன், வடிகாலிலேயே தோற்கடிக்கப்படுகின்றன.

இன்றியமையாததும் இறக்குமதி செய்ய முடியாததுமான ஒன்று விலை உயர்ந்ததாக இருத்தலே சந்தையின் நியதி. அவ்வாறாயின், துப்புரவுத் தொழிலாளர்க்கு உயர்ந்த ஊதியமும் உயர்ந்த மதிப்பும் கிட்டியிருக்க வேண்டும். கிட்டியது இதற்கு நேர்மாறானதே. இப்புதிருக்கு விடை, மன்னார்க் கரையிலேயே கிடைக்கின்றது.

தொழிலைக் கப்பலில் ஏற்ற முடியாதபோது, தொழிலாளரையே ஏற்றிவந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தோர் மன்னார்ப் பகுதியில் கரையிறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளை சென்றனர். நோயாலும் பசியாலும் அவ்வழியில் மடிந்தோர் பலர். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியபின் பயணம் எளிதாயிற்று. தேயிலைக்கும் கோப்பிக்கும் ஆள் திரட்டியதைப் போன்றே, கொழும்பு, கண்டி முதலிய நகரங்களின் துப்புரவு வேலைக்கும் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். தமிழ்நாட்டிற் சாதியின் பெயரால் இவ்வேலை சுமத்தப்பட்டிருந்த குடும்பங்களே பெரும்பாலும் அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டன. கண்டியிலுள்ள மஹியாவ போன்ற இடங்களில், நகரசபைக் குடியிருப்புகளில் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.

இவர்களுக்கான உணவும் கப்பலிலேயே வந்தது. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மலிந்த அரிசி வந்துகொண்டிருந்ததனால், குறைந்த கூலியில் ஆட்களை வைத்திருக்க முடிந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றி அவ்வரிசி நின்றபோதுதான், கவனிப்பாரற்றுக் கிடந்த வயல்களின் அருமை நாட்டுக்குத் தெரிந்தது. ஆகவே, உழவனின் நெல்லுக்கு விலையில்லாமற் செய்த அதே ஏற்பாடு, துப்புரவாளனின் உழைப்புக்கும் விலையில்லாமற் செய்தது. இறக்குமதி அரிசியும் இறக்குமதிக் கூலியும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாயிருந்தன.

அழைத்துவரப்பட்டோர் இந்நாட்டவராக ஏற்கப்படவும் இல்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி உடன்படிக்கையினால் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதெனவும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதெனவும் பங்கிட்டனர். 1,50,000 பேரின் விதி பிற்காலத்துக்கு ஒதுக்கப்பட்டது. இறுதியாக 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கியது. தெருவைத் தூய்மை செய்தவர், அத்தெரு தம்முடையது என்று சொல்லும் உரிமைக்காக அரை நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்தனர். வாக்கும் நிலமும் அற்றவனை ஊரார் மதிப்பது அரிது. அவனுடைய தொழிலையும் அவ்வாறே நோக்கினர்.

தோட்டி என்னும் சொல், வேலையைக் குறிப்பதை விடுத்து மனிதனைக் குறிக்கும் வசையாக மாறியது இவ்வாறே. தகழி சிவசங்கரப்பிள்ளை 1947-இல் எழுதிய தோட்டியின் மகன் என்னும் மலையாள நாவல், தந்தையின் வாளி மகனின் கையில் வந்து சேரும் கொடுமையைக் காட்டியது. பின்னர் சுந்தர ராமசாமி அதனைத் தமிழாக்கினார். சட்டங்கள் இயற்றப்படாமலில்லை. இலங்கையில் 1957-இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. இந்தியாவில் 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. கையால் மலம் அள்ளுவிக்கும் வழக்கத்தை 1993-ஆம் ஆண்டின் சட்டமும் 2013-ஆம் ஆண்டின் சட்டமும் தடுத்தன. 2014-இல் இந்திய உச்ச நீதிமன்றம், 1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023-இல் அத்தொகை 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. தொகை உயர்ந்ததே, இறப்பு நிற்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

அறிவும் பயிற்சியும் வேண்டாத வேலை இது என்னும் எண்ணமே இவ்விறப்புகளுக்கு அடிப்படை. உண்மை வேறு. காற்றுப் புகாத குழியிற் கழிவு அழுகும்போது ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு உண்டாகின்றது. அது காற்றினும் பாரமானது. ஆதலின் குழியின் அடியிலே தங்கும். சிறிய அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகும்போது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நீங்கிற்று, இனி அச்சமில்லை என்று எண்ணும் அந்தக் கணமே பேரிடரான கணம். இன்னும் மிகுந்தால், ஓரிரு மூச்சில் நினைவு தவறும். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் அவ்வாறே வீழ்வர். ஒரு குழியில் இருவர் மூவராக மாள்வதற்குக் காரணம் இதுவே. ஒட்சிசன் குறைவும், தீப்பற்றக்கூடிய மெதேனும் இதனோடு சேர்ந்த ஆபத்துகள்.

ஆதலின், மனிதரை இறக்காமல் இயந்திரத்தால் உறிஞ்சுவதே முதல் விதி. இறங்கியேயாக வேண்டுமெனின், மூடியைத் திறந்து காற்றோட்டம் செய்து, வாயுமானியால் அளந்து, மூச்சுக்கருவியும் இடைவாரும் பூட்டி, மேலே தூக்குவதற்கு ஆளும் கயிறும் ஆயத்தமாக நிறுத்தியபின்னரே இறங்க வேண்டும். சுரங்கத்திலும் கடலடியிலும் வேலை செய்வோர் பெறும் பயிற்சிக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. அவர்களை வீரர் என்று போற்றும் உலகம், இவர்களைக் கண்டு மூக்கைப் பொத்துகின்றது.

மக்களின் நோக்கு மாறக்கூடியதே என்பதற்கு நியூயோர்க் நகரம் ஒரு சான்று. 1895-இல் அங்கே வீதித் துப்புரவுத் துறையின் தலைமையை ஏற்ற ஜோர்ஜ் வாரிங், தம் தொழிலாளர்க்கு மருத்துவர்போல் வெண்ணிற உடை அணிவித்தார். அடுத்த ஆண்டில் அவர்களை நகர வீதிகளில் அணிவகுத்து நடக்கச் செய்தார். ஏளனம் செய்தோரும், குப்பை மலைகள் மறைந்ததைக் கண்டு கைதட்டினர். ஆயினும், உடை மட்டும் போதாது. 1968 பெப்ரவரியில் மெம்பிஸ் நகரில் துப்புரவுத் தொழிலாளர் இருவர் குப்பை நசுக்கும் வண்டியினுள் சிக்கி மாண்டனர். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்து, தாமும் மனிதரே என்று எழுதிய அட்டைகளை ஏந்தினர். அவர்களுக்குத் துணைநின்ற மார்ட்டின் லூதர் கிங் அந்நகரிலேயே ஏப்ரல் 4-ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். சில நாட்களில் நகராட்சி அவர்களுடைய சங்கத்தை ஏற்று ஊதியத்தையும் உயர்த்தியது. மதிப்பு என்பது புகழுரையால் மட்டும் வருவதன்று. ஊதியம், பாதுகாப்பு, உரிமை ஆகிய மூன்று கால்களில் நிற்பது.

நானாட்டான் போன்ற பகுதிகளில் நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்கள் இல்லை. வீடுதோறும் மலக்குழியே உண்டு. குழி நிறைந்தபின் அதனை உறிஞ்சி எடுத்துச்செல்லும் பவுசர் வண்டியும், அதனை இயக்குவோரும் இல்லாவிடின், கழிவு மண்ணிற் கசிந்து கிணற்றைச் சேரும். கிணற்று நீரைக் குடிக்கும் உழவனின் உடல்நலம், மலக்குழியை வெறுமையாக்கும் தொழிலாளியின் கையில் இருக்கின்றது. அத்தொழிலாளி உண்ணும் சோறோ உழவனின் கையிலிருந்து வருகின்றது. ஒருவர்க்கொருவர் இத்துணை கடப்பாடு உடைய இருவரிடையே உயர்வு தாழ்வு கற்பித்தல் எவ்வாறு பொருந்தும்?

செய்ய வேண்டுவன அரியன அல்ல. நாட்கூலியாக வைத்திருக்கும் துப்புரவாளரை நிரந்தர நியமனத்துக்கு உள்ளாக்குதல். கையுறை, காலணி, வாயுமானி ஆகியவற்றைக் கருணையாக அன்றிக் கட்டாயமாக வழங்குதல். அவரைப் பெயர் சொல்லி அழைத்து, வீட்டுக் குவளையிலேயே தண்ணீர் கொடுத்தல். அவர் பிள்ளைகள் விரும்பிய கல்வியைப் பெற வழி திறத்தல் என்பன அவை. உழவர்க்கோ, அறுவடைக் காலத்துக்கு முன்பே இறக்குமதியின் அளவும் வரியும் அறிவிக்கப்படல் வேண்டும். நெல்லைக் காயவைத்துக் காத்துவைக்கக் களஞ்சியங்கள் ஊரிலேயே அமைதல் வேண்டும்.

வெளிநாட்டுப் பொருளால் வரும் இடருக்கு அரசின் வரி மதகாகும். உள்ளத்தில் ஊறும் இழிவுணர்வுக்கு அத்தகைய மதகு எதனையும் சட்டத்தால் மட்டும் கட்டிவிட இயலாது. கூலியைத் தாழ்த்துவதற்காகக் கப்பலேறி வந்த ஒரு பழக்கத்தை மரபென்று மயங்கிக் காத்துவருதல் மடமை. அதனைக் கைவிடுவது ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் தொடங்க வேண்டிய செயல்.