பழைய சிறு விமானத்தில் மின்சாரம் குன்றினால்

ரேணிகுண்டாவில் இறங்கும் பெரிய விமானங்களை ஏர்பேட்டிலுள்ள நம்மவர் நாள்தோறும் காண்கின்றனர். ஆனால் நம் நாட்டு இளைஞர் பலர் பறக்கப் பழகியது சிறு விமானங்களிலேயாம். பெங்களூரில் உருவான எச்.டி.2 முதன்முதலில் 1951-இல் பறந்தது; புஷ்பக் 1958-இல் பறந்தது. புஷ்பக்கின் 90 குதிரைத்திறன் யந்திரத்தை, முன்விசிறியைக் கையால் சுழற்றியே இயக்குவர். பின்னர்ப் பறக்கும் சங்கங்களுக்கு வந்த சிறு விமானங்களில் ஸ்டார்ட்டர், ரேடியோ, விளக்கு என மின்சாரத் தேவை பெருகியது. அவற்றுள் பழையனவற்றில் நேரும் குறை ஒன்று, பாட்டரியில் மின்சாரம் ஏறாமை. அதன் காரணத்தை அறிவது எங்ஙனம்?

முதலில் ஓர் ஐயத்தை நீக்குவோம். டைனமோ நின்றால் யந்திரமும் நின்றுவிடுமோ? நில்லாது. இவ்வகை யந்திரங்களில் தீப்பொறியைத் தருவது மாக்னெட்டோ. அதற்குப் பாட்டரியின் துணை வேண்டியதில்லை. இழக்கப்படுவன ரேடியோவும் விளக்குகளும் மின்சாரத்தால் இயங்கும் கருவிகளுமே. பகலில் இது தொல்லை. இரவிலோ மேகத்தினுள்ளோ இதுவே ஆபத்து. 25 ஆம்பியர்-மணி பாட்டரியிலிருந்து 10 ஆம்பியர் செலவானால், கணக்குப்படி இரண்டரை மணி நேரம் தாங்கும். பழைய பாட்டரி அதில் பாதியும் தாங்காமற்போகலாம். ஆகவே அம்மீட்டர் முள் இறக்கத்தையே காட்டி நின்றால், விமானி வேண்டாத சுமைகளை நிறுத்திவிட்டு அருகிலுள்ள நிலையத்தில் இறங்குவதே முறை.

தரையில் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலாவது பாட்டரி. நிறைவுற்ற 12 வோல்ட் பாட்டரி, ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். யந்திரம் நல்ல வேகத்தில் ஓடும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி உயரவேண்டும். டைனமோ குறைந்த வேகத்தில் போதிய மின்சாரம் தராது. ஆதலின் மெல்ல ஓடும் யந்திரத்தில் அளந்து குறைகூறல் தகாது.

அளவு உயரவில்லையெனில், பட்டையால் சுழலும் டைனமோவாயின் பட்டையின் இறுக்கத்தை நோக்குக. அடுத்துக் கம்பி முனைகளையும் தரை இணைப்பையும் சோதிக்க. துருவும் தளர்வுமே பல வேளைகளில் மெய்க்காரணமாய் இருக்கும். பின்னரே டைனமோவின் உள்ளே கார்பன் தேய்ந்ததா, அது உரசும் செம்பு வளையம் கறுத்ததா எனக் காண்க.

இறுதியில் ரெகுலேட்டர். அதனுள் மூன்று உறுப்புகள் உண்டு. ஒன்று வோல்ட்டை அளவில் நிறுத்தும். ஒன்று மின்னோட்டத்தை வரம்புக்குள் வைக்கும். மூன்றாவதான கட்-அவுட், பாட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பி ஓடாது தடுக்கும். இவற்றைக் கண்ணளவில் திருகிச் சரிசெய்யலாகாது. சோதனை மேடையிலேயே செய்தல் வேண்டும்.

1960-களின் நடுவில் டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டர் வரத் தொடங்கியது. டைனமோ தன் இரும்பில் எஞ்சிய காந்தத்தால் தானே உயிர்பெறும். ஆல்டர்னேட்டருக்கோ தொடக்கத்தில் பாட்டரியின் உதவி வேண்டும். எனவே பாட்டரி முற்றும் ஓய்ந்த விமானத்தைக் கையால் சுழற்றி இயக்கினும் மின்சாரம் பிறவாமற்போகலாம்.

சாலையோர லாரி மெக்கானிக்குக்கு இச்சோதனைகள் புதியன அல்ல. எனினும் உருவில் ஒத்திருக்கிறதென்று லாரிச் சாமானை விமானத்தில் பூட்டக் கூடாது. அவ்விமானத்துக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட உறுப்பையே, உரிமம் பெற்ற பொறியாளர் பொருத்திக் கையொப்பமிடல் வேண்டும். உதிரி உறுப்புகள் அரிதாகிவிட்ட பழைய விமானத்தில், அளந்து அறியுமுன் ஒன்றைக் கழற்றுவது பணத்துக்கும் கேடு. பறப்பவர் உயிருக்கும் கேடு.